கிடைக்காத ஸ்பேர்

நேற்றுவரை ஓடிய பழைய அம்பாசடரின் ஸ்டியரிங்கைக் கணவன் மன்சூர் கழற்றியதும் ரஃபியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலேயே கழற்றிய கார்பரேட்டரும் டைனமோவும் கட்டிலடியில் ஒளிந்து கிடந்தன.

"நல்லா ஓடுற வண்டிய ஏங்க பிரிக்கிறீங்க?"

"பேசாம இரு. அத்தா வர்றாக."

மாமனார் ஜெகபர் அலி வந்தார். "கெளம்பலாமாப்பா?"

"வண்டி ரிப்பேர் அத்தா. ஸ்பேரு எங்கயும் கெடைக்கல."

"இதத்தான் போன வாரமும் சொன்ன. வடமதுரையில நான் வாங்கியாரலையா?"

முன்சீட்டில் ஏறியவர், ஸ்டியரிங் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இனிமே ஓட்டாதீங்கன்னு சொல்ல வாய் வராம, ஒரு காரையேவாப்பா பிரிப்ப? இந்தா, சாவி."

அவர் சாவியை நீட்டிய இடத்தில் மன்சூர் இல்லை. வாசல் தூண்தான் நின்றது.