சுரங்கக் கிழவனுக்கு ஒரு பலம்

"அந்தத் தண்ணிய நான் தொட மாட்டேன். முதல்ல நீ குடி. நீ உயிரோட இருந்தா அப்புறம் பார்க்கலாம்!"

பல் டாக்டர் இப்படிச் சொன்ன தொனியில், சுவரோரம் உட்கார்ந்திருந்த சர்வேயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டம்தான், ஆனாலும் இப்படியா பேசுவான் ஒருத்தன்?

அச்சகத்தின் மாடி அறை. ஞாயிறு மதியம். மேஜையைச் சுற்றிப் பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், அச்சகத்து முதலாளியம்மா. மூவருக்குமே ஏழு கழுதை வயது. அம்மா கதையை நடத்துவார்; மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். டிரைவர் வில்வீரன். பல் டாக்டர், சுரங்கத்தில் வாழும் ஒரு கிழவன். அந்தந்த ஆளின் குணம், பலம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் இருக்கும். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா என்பதைப் பகடை சொல்லும்.

பகடை என்றதும் சூதாட்டமோ என்று சர்வேயர் மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டார். ஒரு துட்டும் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

புதிதாகச் சேர வந்ததாகச் சொல்லித்தான் உள்ளே நுழைந்திருந்தார். "இன்னிக்கு வேடிக்கை பாருங்க, அடுத்த வாரம் ஆடலாம்" என்று அம்மா காலியாக இருந்த நாற்காலியைக் காட்ட, அதைச் சுவரோடு சுவராக நகர்த்திப் போட்டுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் அவருக்கு ஆகாது.

விஷயம் இதுதான். நாளைக் காலை இந்தப் பல் டாக்டர் அவர் வீட்டுக்கு வரப்போகிறான், அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு. இருவரும் பழகியதே இந்த மேஜையில்தானாம். "தங்கமான மனுஷன்ப்பா" என்றாள் மகள். தங்கம் என்றால் உரசிப் பார்க்க வேண்டாமா? கண்ணாடிக் கடைக்குப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு, நேராக இங்கே வந்துவிட்டார். வேஷம் போடும்போதுதான் ஒருத்தனின் சுயரூபம் வெளியே வரும் என்பது அவர் கணக்கு.

"ஐயா, டீ சாப்பிடறீங்களா?" என்றார் அம்மா.

"வேண்டாம்மா." பையிலிருந்து வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு மடக்கு குடித்தார்.

பல் டாக்டர் அந்தப் பாட்டிலையே பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். பிறகு சர்வேயரின் முகத்தை. சட்டென்று தாளைக் கவிழ்த்து வைத்தான்.

எதையோ மறைக்கிறான்! சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வில்வீரன் பள்ளத்துல விழுந்துட்டான். கீழ தண்ணி ஏறிக்கிட்டே வருது. கிழவன் கையில கயிறு இருக்கு. என்ன செய்யறீங்க டாக்டர்?" என்றார் அம்மா.

பல் டாக்டர் அம்மா பக்கம் சாய்ந்தான். "இன்னிக்கு மட்டும் வேற மாதிரி ஆடட்டுமா?"

"அந்தக் கதையே வேண்டாம். தாள்ல இருக்கிறபடிதான் ஆடணும்."

அவன் ஓரக்கண்ணால் சர்வேயரைப் பார்த்துக்கொண்டே கிழவனின் குரலுக்கு மாறினான். "டேய், நிஜமாவே விழுந்தியா, இல்ல விழுந்த மாதிரி நடிக்கிறியா?"

"இடுப்பு வரைக்கும் தண்ணி வந்துடுச்சுய்யா!" டிரைவர் அலறினார்.

"உன்னை இந்தப் பக்கம் வரச் சொன்னது யாரு? எதுக்கு வந்தே?"

"ஐயோ, கழுத்து வரைக்கும் வந்துடுச்சு!"

"இரு, கயித்த மரத்துல கட்டறேன். முடிச்ச மூணு தடவை இழுத்துப் பார்க்கணும். அதுக்குள்ள உன் பையில என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லு."

சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. "அட, முதல்ல கயித்த விடுப்பா! மனுஷன் செத்துக்கிட்டிருக்கான்!"

பகடை உருண்டது. வில்வீரன் மூழ்கிப்போனான். நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள். டிரைவர் தன் தாளை இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

சர்வேயர் எழுந்துவிட்டார். "போதும். நான் ஆட வரல தம்பி. நாளைக்கு நீ சம்மதம் கேட்டு வரப்போறது என் வீட்டுக்குத்தான்."

"தெரியும் சார். பாட்டிலைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு."

பாட்டில் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறான், கில்லாடி! சர்வேயருக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்போ நல்லதாப் போச்சு. நீ வர வேண்டாம். இப்படி எல்லாரையும் சந்தேகப்படற ஆள்கூட என் பொண்ணு ஒரு நாள் இருக்க முடியுமா? மூச்சு முட்டியே போயிடுவா!"

அம்மாதான் குறுக்கே வந்தார்.

"ஐயா, அது அவரோட புத்தி இல்ல. எங்க மேஜையில தன் ஆளைத் தானே எழுதிக்கக் கூடாது. விட்டா எல்லாரும் தன்னை மகா வீரனாத்தான் எழுதிக்கறாங்க. அதனால பக்கத்து நாற்காலிக்காரங்க எழுதித் தருவாங்க. தெரிஞ்ச மனுஷர் ஒருத்தரை மனசுல வெச்சு எழுதணும். எழுதினபடியே இவர் ஆடணும், அவ்வளவுதான்."

"அம்மா, வேண்டாம்மா..." பல் டாக்டர் தாளைக் கையால் மூடினான். அதற்குள் சர்வேயர் அதை உருவிவிட்டார்.

"எந்த நாற்காலிக்காரர் எழுதினது இது?"

"சுவரோரமா இழுத்துப் போட்டுக்கிட்டீங்களே, அதுதான். அந்தப் பொண்ணு இன்னிக்கு வரல."

அந்தக் குண்டுக் குண்டு எழுத்தை அவருக்குத் தெரியும். மகளின் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதே அவர்தான்.

'வெளியே போனால் வீட்டுத் தண்ணீர்தான் குடிப்பார், அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு. முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் உட்கார்வார். எந்த முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்.'

கடைசியில், 'பலம்' என்ற கட்டத்துக்குள் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'மகள் சொன்னால் நம்புவார். இனிமேல்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.'