கை அடங்குகிற இடம்

தாய்க்குழாயில் இரண்டு கிளைக்குழாய்களை நெருக்கி ஒட்டினால் நடுவிலுள்ள இரும்பு பலமிழந்துவிடும். ஒருநாள் நீராவி அதைப் பிளந்துகொண்டு வரும். அதனால் எங்கள் மூத்த வெல்டர் தியாகலிங்கம் அண்ணை, கிளைகளுக்கு நடுவே தன் வலது கையை விரித்து வைத்துப் பார்ப்பார். மோதிர விரல் இல்லாத கை. அது அடங்கினால்தான் எங்களை ஒட்ட விடுவார்.

மாசியில் அவர் செத்துப்போனார். சித்திரையில் ஆலைக்குப் புதுக் குழாய் போட்டோம். ஐந்து கிளைகளையும் நானே ஒட்டினேன். பின்னேரம் சிவப்புப் பெயின்ற் அடித்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனோம்.

காலையில் வந்து திறந்தபோது முதல் மூன்று இடைவெளிகளிலும் இரும்பு தெரியக் கை பதிந்திருந்தது.

"ஆர் ஈரப் பெயின்ற்றிலை கை வைச்சது?" என்று கத்திய போர்மன் யூசுப் நானா, விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மோதிர விரல் இல்லை.

நாலாவது இடைவெளியில் ஒன்றும் இல்லை. அளந்தேன். மற்றவற்றைவிட அரை அங்குலம் குறைவு.

"அரை அங்குலம்தானே நானா. இண்டைக்கு நீராவி விடவேணுமெல்லே?"

"அவர் கை வைக்கேல்லைத் தம்பி. வெட்டு."

கடைசிக் கிளையை வெட்டி, தள்ளி ஒட்டி, பெயின்ற் அடித்தேன். பின்னேரம் நானா வால்வை அரைச்சுற்று திறந்தார். குழாய் தொடமுடியாதபடி சுட்டது.

நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, நாலாவது இடைவெளியில் பெயின்ற் மெல்ல விலகியது. முதலில் உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக. மோதிர விரலின் இடம் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

நானா வால்வை முழுதாகத் திறந்தார்.