மாதுளையின் அடி இலைகள்

வாசலில் அழகுக்காக வளர்த்த மாதுளைக்கு அன்று தலைகால் புரியவில்லை. மாலையில் வீட்டில் விருந்து. வருகிறவர்கள் முதலில் தன்னைத்தான் பார்ப்பார்கள்!

“அக்கா, உன் அடி இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. மழை வந்தா தெறிச்சு எனக்கும் ஒட்டிக்கும்” என்றது பக்கத்துத் தொட்டிக் குட்டி மாதுளை.

“கத்தாதே! தோட்டக்காரர் பார்த்தா வெட்டிடுவார்” என்று மாதுளை அவற்றை மறைத்துக்கொண்டது.

இடி இடித்தது. குட்டி நடுங்கித் தன் தளிர்களைச் சுருட்டிக்கொண்டது. மாதுளைக்குப் பகீரென்றது. கிளைகளை விரித்துத் தோட்டக்காரரின் கத்தரிக்கோலைக் கூப்பிட்டது.

“உள்ளே உச்சி வரைக்கும் புள்ளி ஏறியிருக்கே. வெட்டினா பூவும் சேர்ந்து போகுமே!” என்றது கத்தரிக்கோல்.

“போகட்டும், சீக்கிரம் வெட்டு!”

நோய்ப்பட்ட கடைசி இலையும் குப்பைப் பைக்குள் போனதும் மழை கொட்டியது. விருந்தாளிகள் மொட்டை மாதுளையைத் தாண்டி ஓடினார்கள்.

“அக்கா, ஜில்லுன்னு இருக்கு!” என்று குட்டி கூத்தாடியது.

“நல்லா நனைடி!” என்று வெறும் கிளைகளை வீசி அக்காவும் ஆடியது.