அதற்காவது ஆயுசு

காரின் பின்சீட்டில் மண்டியிட்டு, மனைவி வாந்தியெடுத்த கறையைச் சோப்பு நுரையால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அவர். மாதக்கணக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததில் படிந்த கறை. இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் நேற்று சொல்லிவிட்டார். புதிதாக மெழுகு பூசிய பானெட்டில் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “போதும், உள்ள வாங்க. கை தோலெல்லாம் உரிஞ்சிடப் போகுது.” “இதோ ஆச்சும்மா. மேலயும் இன்னொரு தடவ மெழுகு பூசிட்டா அடுத்த மழைக்காலம் வரைக்கும் கவலையே இல்ல.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைக்கிறது. துணி பிடித்த கை அப்படியே நிற்கிறது. அவள் சிரிக்கப் பார்க்கிறாள்; இருமல்தான் வருகிறது. “நல்லாவே பூசுங்க. அதுக்காவது ஆயுசு கெட்டியா இருக்கட்டும்.” அவர் கார்க் கதவை மெல்ல உள்பக்கம் இழுத்துச் சாத்திக்கொள்கிறார். கண்ணாடியையும் முழுதாக ஏற்றிவிட்டு, அவளுக்குச் சத்தம் கேட்காதபடி அழுகிறார்.