எறும்புக்கு ஒரு வக்கீல்

"எவனோ ஒருத்தன் வீட்ல உக்காந்து ஓசியில எழுதிப் போட்டதை நம்பி, நாம நோயாளிங்களுக்கு வேலை பாக்கறதா? தூக்கிப் போடுங்க மேடம்!"

மீட்டிங்கை முட்டுக்கட்டை இப்படித்தான் ஆரம்பித்தார். அந்த அலுவலகத்தின் மூத்த புரோகிராமர் அவர். எந்தப் புது யோசனை வந்தாலும் முதல் ஆளாக 'வேண்டாம்' என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு அந்தப் பெயர்.

எதிரே இருந்த வக்கீலம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் வக்கீல் இல்லை, ஆப்பில் பிழை தேடிப் பிடிக்கும் டெஸ்டர். யாருக்கு என்ன என்றாலும் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடப் போவாள். ஆபீஸே அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது.

விஷயம் இதுதான். வெளிநாட்டு டாக்டரைக்கூட வீடியோவில் பார்க்க நேரம் வாங்கித் தருகிற ஆப் அவர்களுடையது. நாட்டுக்கு நாடு மாறும் நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் பகுதியை மட்டும் அவர்கள் எழுதவில்லை. 'எறும்பு' என்ற புனைபெயரில் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்தார். எத்தனையோ கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. எறும்பு ஆணா பெண்ணா என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் அதில் ஒரு பிழை. ஒரு கர்ப்பிணிக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டிவிட்டது. அவர் ஆப்பைத் திறந்தபோது டாக்டர் போயே போய்விட்டார். மறுநாளே வேறு நேரம் வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார்கள். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் பிழையைத் திருத்த எறும்பு ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. அதுவரை இவர்கள் கையாலேயே நேரத்தை மாற்றி மாற்றி ஒப்பேற்றினார்கள்.

"ஒரு வாரம்! நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் இப்படி இழுத்திருந்தா சும்மா விடுவோமா?" என்றார் முட்டுக்கட்டை.

"சம்பளம் குடுத்தீங்களா சார், அவரைக் கேள்வி கேக்க?"

"அதையேதான் நானும் சொல்றேன். சம்பளம் வாங்காதவனை எப்படிக் கேக்கறது? அவனுக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கும். நாளைக்கே 'போதும்டா சாமி'ன்னு மூடிட்டுப் போனா யார் பதில் சொல்றது?"

"வருஷக்கணக்கா உழைக்கிறார் சார்!"

"உழைச்சா ஆச்சா? அவன் எழுதி வெச்ச குறிப்பைப் படிச்சியா? தலையும் புரியலை, வாலும் புரியலை. எழுதினவனுக்காவது புரியுமான்னு எனக்குச் சந்தேகம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க பேசறது நன்றி கெட்டத்தனமா இருக்கு சார்."

மேனேஜர் பேனாவை மூடினார்.

முட்டுக்கட்டைக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். "நன்றி வேற, பொறுப்பு வேறம்மா. ஒண்ணு, நாமளே புதுசா எழுதுவோம். இல்லேன்னா நம்ம ஆளுங்க ரெண்டு பேர் போய்த் தோள் குடுக்கட்டும். ரெண்டும் இல்லாம, ஒரே ஆள் தலையில எல்லாத்தையும் ஏத்தி வெச்சுட்டு நாம வேடிக்கை பாக்கக் கூடாது."

மேனேஜர் மறுபடி பேனாவைத் திறந்தார். "ரெண்டாவதைச் செஞ்சு பாப்போம். சரிவரலைன்னா தூக்கிடலாம். யார் போறீங்க?"

வக்கீலம்மாவின் கைதான் முதலில் உயர்ந்தது.

இருக்கைக்குத் திரும்பிய கையோடு எறும்புக்கு மெசேஜ் அனுப்பினாள். 'உங்களுக்கு உதவி செய்ய நாங்க ரெண்டு பேர் வரலாமா? என்ன செய்யணும்னு சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் உங்களைக் கரிச்சுக் கொட்டினார். மனசுல வெச்சுக்காதீங்க. அவருக்குப் பிறவியிலேயே நாக்குல மிளகாய்.'

மூலையில் முட்டுக்கட்டை இருமினார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'வாங்க, வாங்க. எப்ப சரிபண்ணுவேன்னு கேட்டவங்க நிறைய. என்ன உதவி வேணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். உங்க ஆபீஸ்காரர் திட்டினதுல ஒண்ணும் தப்பில்லை. அவர்மேல கோபப்படாதீங்க.'

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன்னா இவரல்லவா மனுஷன்! இதை அந்த மிளகாய் நாக்குக்காரரிடம் காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று அவர் மேஜைக்குப் போனாள்.

"பாருங்க சார்! நீங்க வாய்க்கு வந்தபடி பேசினீங்க. அவர் எவ்வளவு பெருந்தன்மையா..."

பேச்சு பாதியில் நின்றது. அவருடைய திரையில் அவள் அனுப்பிய மெசேஜ். அதன் கீழே, சற்று முன் அனுப்பிய பதில்.

"சார்... எறும்பு... நீங்களா?"

"ஸ்ஸ், மெதுவா!" பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதினது. அந்த வாரம் வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல், நானும் லீவு போட்டுப் படுத்துட்டேன். அந்தக் கர்ப்பிணி அம்மாவோட விஷயம் தெரிஞ்சப்போ தொண்டையில தண்ணிகூட இறங்கலை."

"உங்களோடதுன்னு மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே சார்! நான் வேற உங்களை நன்றி கெட்டத்தனம் அது இதுன்னு..."

அவர் சிரித்தார்.

"சொல்லியிருந்தா, என் முகத்துக்காக எல்லாரும் 'பரவாயில்லை'ன்னு விட்டிருப்பீங்க. பிழை யார் முகத்தையும் பாக்காதேம்மா!"