நாய் எழுந்தால் கேள்வி ரத்து

மேடையில் நீதிபதி இருந்தார். அவருக்குக் கீழே எழுத்தர் சுடலைவடிவு, எதிரே இரண்டு வக்கீல்கள், திரைக்குப் பின்னால் குற்றம் சாட்டப்பட்ட மாடக்கண்ணு. சாட்சி நாற்காலியில் ஒன்பது வயதுப் பேச்சி. அவள் பாதத்தில் தலைவைத்துப் படுத்திருந்தது கோர்ட்டு நாய் மிளகு.

அப்பாவைக் கிணற்றில் தள்ளியவனைப் பார்த்தது பேச்சி ஒருத்திதான். இன்றைக்கும் அவள் வாய் திறக்காவிட்டால் மாடக்கண்ணு விடுதலையாகிவிடுவான்.

"பேருதான் பேச்சி. பேச்சையே காணோமே, ஏம்மா?" என்று சிரித்தார் அவன் வக்கீல்.

மிளகு எழுந்து நின்றது. சாட்சிக் குழந்தை மிரண்டால் அது எழும்; நாய் எழுந்தால் கேள்வி ரத்து என்பது இப்போது சட்டம். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி முன்னால் சாய்ந்து, "அப்பாவ யாரு தள்ளுனா, தாயி?" என்று மெதுவாகக் கேட்டார்.

மிளகு மறுபடியும் எழுந்தது.

தட்டச்சு எந்திரத்தில் சுடலைவடிவுக்கு விரல் ஓடவில்லை. நீதிபதியின் கேள்வியை மறுக்க அந்த ஜில்லாவில் யாருக்கும் நாக்கு எழுந்ததில்லை. அவரோ நாயைப் பார்த்து, "சரிய்யா, என் கேள்வியும் ரத்து" என்று சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

பேச்சி குனிந்து நாயின் கழுத்தைத் தடவினாள்.

"நீ படுல, மிளகு. நானே சொல்லுதேன்."

அது படுத்தது. அவள் கிணற்றடியிலிருந்து தொடங்கி, மாடக்கண்ணு பேரைச் சொல்லி, கடைசிவரை சொன்னாள்.

'கேள்வி: இல்லை' என்று அடித்து, அதன் கீழே அவள் சொன்ன அவ்வளவையும் அடித்தாள் சுடலைவடிவு. மாலையில் அந்த வாக்குமூலத்தை மேல்கோர்ட்டுக்குப் போகும் உறையில் போட்டு அரக்கு வைத்தாள். அரக்கு ஆறிய பிறகும் உறைமேல் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. தபால்காரர் பையை விரித்து நின்றார். போட்டுவிட்டாள்.