கேண்டிட் கிளிகள்

“விடாதலே கார்த்திக்ராஜ்! எடு, எடு! அந்தம்மா மூஞ்சியை எடு!”

அழகுமலை அண்ணன் கத்துனாக. நான் எடுத்தேன். ஒரு கையில் தகர டப்பா, ஒரு கையில் கம்பு, கேமராவுக்கு நேரா ஓடி வந்துச்சு அக்கம்மாள். கல்யாணப் பொண்ணு கயல் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு திராட்சைப் பந்தலுக்கடியில் துள்ளி விலகுச்சு.

தரையெல்லாம் கிளி. பத்துக் கிளி.

“யாருலே இங்கன கிளியை விட்டது?”

விட்டது நாங்கதான். கம்பத்துல அண்ணனுக்கு ஸ்டுடியோ. பத்தாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு நான் அங்கன ரெண்டாவது கேமரா. அடுத்த வாரம் கயலுக்கும் சுரேஷ்கண்ணனுக்கும் கல்யாணம். அதுக்கு முன்னாடி எடுக்குற ‘கேண்டிட்’ படம் இது, தெரியாம எடுத்த மாதிரி இருக்கணும். கயல் கூண்டைத் திறக்கணும், கிளிகள் சிறகடிக்கணும், கயல் எதிர்பாராம சிரிக்கணும். அந்த எதிர்பாராத சிரிப்பை மூணு தடவை ஒத்திகை பார்த்தோம். கிளிகள் வாடகைக்கு வந்தது. கூண்டைத் தயார் பண்ணினது நான்.

“இந்தப் படம் மட்டும் நாலு பேர் பேசுற மாதிரி வந்துச்சு, இனி மெயின் கேமரா உனக்குத்தான்லே.” அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தாக. அதுலருந்து எனக்குக் கை பரபரன்னு இருந்துச்சு.

தோட்டத்துச் சொந்தக்காரர் ராஜபாண்டி படம் எடுக்கச் சரின்னுட்டாக. அவுக சம்சாரம் அக்கம்மாள்தான் சரின்னு சொல்லலை. நாங்க வந்து இறங்கினதிலருந்து பந்தலைச் சுத்திச் சுத்தித் தகரத்தைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. டண டண டண. பழம் கொத்த வர்ற கிளியை விரட்டுதாம். அந்தம்மா கண்ணு முன்னாடி கூண்டைத் திறந்தா?

“ஏங்க்கா, ரெண்டு பழம் தின்னா கொறைஞ்சா போயிரும்?” கயலுக்கு அழுகையே வந்திருச்சு. “அதுகளுக்கும் சுதந்திரம் வேணாமா?”

“ஆத்தா, சுதந்திரம் இருக்கட்டும். மொதல்ல உன் பாவாடையைச் சுருட்டு. ஒண்ணை மிதிக்கப் போற.”

கம்பைக் கீழ போட்டுட்டு, அக்கம்மாள் கிளிகளை ஒவ்வொண்ணா அமுக்கிப் பிடிச்சுச்சு. பழம் அடுக்குற பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, இன்னொரு பெட்டியை மேல கவுத்து, மோட்டார் ரூமைப் பார்த்து நடையைக் கட்டிருச்சு.

“கல்நெஞ்சுக்காரி”ன்னான் சுரேஷ்கண்ணன்.

அண்ணன் முகம் மட்டும் பளபளன்னு இருந்துச்சு. “ஏலே, கேண்டிட்னா இதுதாம்லே! ‘கிளி கொல்லும் ராட்சசி’ன்னு தலைப்பு வை. பின்னாடியே ஓடு. கழுத்தைத் திருகினா அதையும் எடு. எடுத்த கையோட அங்கனயிருந்தே நெட்டுல போட்ரு.”

ஓடினேன். பொய் சொல்ல மாட்டேன். திருகிரணுமேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. திருகினா வீடியோ பிச்சுக்கிட்டுப் போகும்.

மோட்டார் ரூம் கதவு திறந்துதான் கிடந்துச்சு. கேமராவை ஓட விட்டுக்கிட்டே உள்ளே போனேன். அக்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கலை.

“வாலே. இதையும் பிடிக்கணுமா? பிடி.”

மூலையில் ஆள் உசரத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே கொய்யாத் துண்டு, பச்சை மிளகாய், தண்ணி. அஞ்சு கிளி. அதுல ஒண்ணு தத்தித் தத்திப் பறக்கப் பார்த்துச்சு.

“இது ஏதுக்கா?”

“போன மாசம் உங்களை மாதிரியே ஒரு கூட்டம் வந்துச்சு. கிளியை விட்டாக, சிரிச்சாக, வண்டியேறிப் போயிட்டாக. எட்டுக் கிளி. மூணைப் பூனை தின்னுருச்சு. மிச்சம் இந்த அஞ்சு. காட்டிலாகாவுக்குச் சொல்லியிருக்கேன், நாளைக்கு வாராக.”

“அப்ப எதுக்கு நாள் பூரா தகரம் தட்டி விரட்டுற?”

“பக்கத்துத் தோட்டத்துல எல்லாம் பந்தல் மேல வலை போட்ருக்காக. கிளி கால் அதுல மாட்டிச்சுன்னா உதறி உதறியே செத்துப்போகும். எனக்கு அதைப் பார்க்க முடியாது. அதான் வலை போடாம தட்டுறேன். தோள்பட்டைதான் கழண்டு போகுது.”

பெட்டியிலிருந்து ஒரு கிளியை எடுத்து, அதோட சிறகை விரிச்சு என் கேமராவுக்கு நேரா நீட்டுச்சு.

“நல்லா பாரு. பறக்குற இறகுல ஒண்ணாவது முழுசா இருக்கா? நறுக்கியிருக்கானுக. ஓடிப்போயிரக் கூடாதுல்ல, படம் கெட்டுப் போகும்ல. மறுபடி முளைக்க மாசக்கணக்காகும். இதைத் தரையில் விட்டுட்டு அதுக்குப் பேரு சுதந்திரமாம்! எந்த எடுபட்ட பய வெட்டினானோ.”

கேமராவில் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி வெட்டு. சுத்தமான வேலை.

கேமராவை நிறுத்தினேன். பேண்ட் பாக்கெட்டிலருந்த கத்தரிக்கோலை எடுத்து, மோட்டார் சுவிட்ச் பெட்டி மேல வெச்சேன். அதுல ஒரு பச்சை இறகுத் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

அக்கம்மாள் அதைப் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. கன்னத்துல அறை விழும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

“கூண்டு கழுவத் தெரியுமாலே?”

அதுக்குள்ள போன். அண்ணன்.

“ஏலே, போட்டியா இல்லையா? மெயின் கேமரா வேணுமா, வேணாமா?”

அன்னைக்கு அண்ணன் எனக்குச் சொன்ன வேலை ரெண்டு. காலையில் பத்துக் கிளிக்கும் இறகை நறுக்கச் சொன்னாக. ஒண்ணு விடாம நறுக்கினேன். இப்ப அந்த வீடியோவைப் போடச் சொன்னாக.

போடலை.